கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எஸ்எம்பிஎஸ் பழுதா என்று நீங்களே பார்ப்பது எப்படி

பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. அல்லது ஃபேன் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுபோகிறது. அல்லது மற்ற வேலைக்கெல்லாம் நன்றாக ஓடி, கேம் ஆடும்போதோ வீடியோ ரெண்டர் போடும்போதோ மட்டும் பட்டென்று அணைகிறது. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்", அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி பழுதாகியிருக்கும் என்பதுதான் முதலில் வரும் பதில். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஊகத்தை நம்பிப் புதுசு வாங்கி மாட்டிய பிறகும் கம்ப்யூட்டர் அப்படியே கிடந்தால் பணமும் போய், பழுது எங்கே என்ற கேள்வியும் மிச்சமிருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. "மதர்போர்டு போச்சு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு புது போர்டு வாங்குகிறார்கள், குற்றவாளியான பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே அதிலும் மாட்டுகிறார்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், இதுவரை கேபினட்டைத் திறந்தே பார்க்காதவர்கூட எஸ்எம்பிஎஸ் நல்லதா கெட்டதா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். முக்கியமானது வரிசை. செலவில்லாத, ஆபத்தில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபேன் சுற்றுகிறது என்பதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பலரைத் தவறான வழியில் இழுத்துப்போவது இந்த நம்பிக்கைதான்.

உள்ளே நடப்பது என்ன

சுவரில் வரும் 230 வோல்ட் ஏசியை எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி போன்றவை 5 வோல்ட்டையும் பயன்படுத்துகின்றன. இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான டெஸ்க்டாப்கள் பின்பற்றுகின்றன. அதனால் கீழே சொல்லும் அளவுகள் உங்களுடையதற்கும் பொருந்தும். சில பெரிய நிறுவனங்களின் ரெடிமேட் டெஸ்க்டாப்களில் மட்டும் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். 24 பின் கனெக்டர் இல்லையென்றால் இந்தச் சோதனைகளை அப்படியே செய்ய வேண்டாம்.

ஆன் ஆகும் வரிசையைத் தெரிந்துகொண்டால் சோதனைகள் எல்லாம் தானாகவே புரிந்துவிடும். பிளக்கைச் செருகி பின்பக்க ஸ்விட்சைப் போட்ட உடனேயே, கம்ப்யூட்டர் ஆன் ஆகாமலே, ஊதா வயரில் 5 வோல்ட் வந்துவிடும். இதை ஸ்டாண்ட்பை என்பார்கள். நீங்கள் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரை கிரவுண்டோடு இணைக்கிறது. அது "ஆன் ஆகு" என்ற கட்டளை. எஸ்எம்பிஎஸ் எழுந்து, வோல்டேஜ் எல்லாம் நிலைபெற்றதும் சாம்பல் நிற வயரில் சுமார் 5 வோல்ட் அனுப்பி "தயார்" என்று சொல்கிறது. இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்தத் "தயார்" வந்தால்தான் பிராசசர் வேலையைத் தொடங்கும்.

கை வைக்கும் முன்

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. இந்தக் கட்டுரையில் உள்ள சோதனைகள் எல்லாமே அந்தப் பெட்டிக்கு வெளியே செய்பவை. அப்புறம், எந்த கனெக்டரைக் கழற்றுவதானாலும் மாட்டுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மீதி இருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுங்கள்.

வெளியில் இருந்து தொடங்குங்கள்

சுவர் சாக்கெட்டில் ஒரு டேபிள் ஃபேனையோ விளக்கையோ செருகிப் பாருங்கள். நன்றாக எரிந்தால் சாக்கெட் சரி. அடுத்து பவர் கார்டு. மானிட்டருக்கு வரும் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டைப் பெருக்கும்போதோ கேபினட்டை நகர்த்தும்போதோ அது தட்டுப்பட்டு அணைந்திருக்கும். சில பழைய, விலை குறைந்த மாடல்களில் 115/230 என்று சிவப்பு நிறத்தில் இன்னொரு ஸ்விட்ச் இருக்கும். அது நம் ஊரில் எப்போதும் 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து இங்கே செருகினால் உள்ளே வெடித்துவிடும்.

யுபிஎஸ் வழியாக ஓடுகிறதென்றால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகிச் சில நாள் பாருங்கள். கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் பெரும்பாலும் யுபிஎஸ் பேட்டரிதான் காலாவதியாகியிருக்கும். வேறு ஒரு சிக்கலும் உண்டு. வீட்டு உபயோக யுபிஎஸ் பலவும் பேட்டரிக்கு மாறியதும் சுத்தமான சைன் அலையைத் தராமல் படிக்கட்டு மாதிரியான அலையைத் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வேறு வீட்டில் நேரடி கரண்டில் போட்டால் ஒரு குறையும் தெரியாது.

"கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கிறது, எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறதா?" என்று கேட்பவர்கள் ஏராளம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், இரைச்சலை வடிகட்ட, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறு கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியின்றி கேபினட்டிலேயே நிற்கும். மீட்டரில் பார்த்தால் கிட்டத்தட்ட பாதி, அதாவது 110 வோல்ட் அக்கம்பக்கம் காட்டும். ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் வீட்டு எர்த்தை. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் உடைந்திருக்கலாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு பின் பிளக்கோடு வந்ததாக இருக்கலாம், சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் வயரே இழுக்காமல் விட்டிருக்கலாம். இதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எர்த் சரியான பிறகும் ஷாக் அடித்தால், அல்லது செருகியதும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால், அப்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படலாம்.

கண்ணும் மூக்கும்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் ஓட்டை அருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடையோ மீன் வாடை போன்ற ஏதோ ஒன்றோ இருந்தால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம், அதை மறுபடி செருகவும் வேண்டாம். டார்ச் அடித்து ஜாலி வழியாக உள்ளே பாருங்கள். உருளையான கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கறை வழிந்திருந்தாலோ ஆயுள் முடிந்துவிட்டது. தூசி அடை அடையாக இருக்கும், சில வீடுகளில் பல்லி புகுந்து செத்தும் கிடக்கும்.

கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். 24 பின் தவிர பிராசசர் பக்கத்தில் மேல் மூலையில் 4 அல்லது 8 பின் கனெக்டர் ஒன்று தனியாக இருக்கும். இது கழன்றிருந்தால் ஃபேன் எல்லாம் சுற்றும், லைட் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். கனெக்டரைக் கழற்றிப் பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருக்கிறதா என்று பார்க்கவும் இதுவே நேரம்.

கேபினட்டின் பவர் பட்டனே பழுதாகி இருக்கலாம். அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்களை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, பிளக்கை மாட்டி, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்த இரண்டு பின் என்பது போர்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டால் பட்டனை மாற்றினால் போதும்.

மீட்டரை எடுங்கள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். 10 ஆம்பியர் என்று போட்ட துளையில் அது இருந்தால், அளக்கப் போன இடத்தில் ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

24 பின் கனெக்டர் போர்டில் மாட்டியபடியே இருக்கட்டும். வயர்கள் உள்ளே போகும் பின்பக்கத்திலிருந்து மீட்டர் முனையை வயரோடு ஒட்டி மெல்ல இறக்கினால் உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடும். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு வயரில் வையுங்கள். இப்போது சிவப்பு முனையால் பார்க்க வேண்டியது மூன்றே வயர்.

ஊதாவில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதே 4.75-லிருந்து 5.25 வோல்ட்டுக்குள் வர வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது. கழற்றினால் வருகிறது, மாட்டினால் போகிறது என்றால் போர்டு அந்த வோல்டேஜைக் கீழே இழுக்கிறது என்று பொருள், அல்லது ஸ்டாண்ட்பை பகுதி அவ்வளவு பலவீனமாகிவிட்டது.

அடுத்தது பச்சை. முழுச் சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் எஸ்எம்பிஎஸ்ஸா போர்டா என்ற வழக்கை இங்கேயே பாதி தீர்த்துவிடலாம். அணைந்திருக்கும்போது பச்சையில் 2 வோல்ட்டுக்கு மேல், பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்துங்கள். உடனே பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் போர்டோ பட்டனோ கட்டளையே கொடுக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. இறங்கியும் எஸ்எம்பிஎஸ் எழவில்லையென்றால் ஒன்று அதுவே பழுது, அல்லது எங்கோ ஷார்ட் இருந்து அதன் பாதுகாப்புச் சுற்று தடுக்கிறது.

ஃபேன்கள் சுற்றுகின்றன, ஆனால் திரை கறுப்பு என்றால் சாம்பல் நிற வயரைப் பாருங்கள். அங்கே 5 வோல்ட் அளவில் நிலையாக நிற்க வேண்டும். அது வராவிட்டால் பிராசசர் துவங்கவே துவங்காது. வந்தும் திரை கறுப்பாகவே இருந்தால் உங்கள் கவனம் ரேம், கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் போகட்டும்.

பேப்பர் கிளிப் சோதனை, அதன் எல்லை

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஆன் செய்து பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கி, அதிலிருந்து எல்லாக் கனெக்டர்களையும் கழற்றி, 24 பின்னில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும்.

இப்போது வருபவற்றில் பலவற்றில் வயர்கள் எல்லாமே கறுப்பாக இருக்கும். பச்சையை எப்படிக் கண்டுபிடிப்பது? கனெக்டரில் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையைப் பாருங்கள், 12 துளைகள் இருக்கும். அதில் ஒரு துளை உலோகமே இல்லாமல் காலியாக இருக்கும். அந்தக் காலித் துளை ஒரு முனையிலிருந்து எண்ணினால் 5-வது, மறுமுனையிலிருந்து எண்ணினால் 8-வது. எந்த முனையிலிருந்து 8-வதாக வருகிறதோ, அதே முனையிலிருந்து 4-வது துளைதான் பச்சை. அதன் இரு பக்கமும் கிரவுண்ட்தான். எண்ணிக்கை சரியாக வராவிட்டால் கிளிப்பைச் செருகாதீர்கள்.

சில மாடல்களில் சூடு ஏறாதவரை ஃபேன் சுற்றாது. அதைப் பார்த்துப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம், ஒரு கேபினட் ஃபேனை அதில் மாட்டிப் பாருங்கள். சரி, சுற்றிவிட்டது. இதனால் தெரிவது அது எழுகிறது என்பது மட்டும்தான். ஒரு ஃபேனுக்கு வேண்டியது சில வாட். உங்கள் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் கேட்பது சில நூறு வாட். தெருக் குழாயில் ஒரே வீடு பிடிக்கும்போது தண்ணீர் நன்றாகத்தான் வரும், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் உண்மை தெரியும். கடையில் கிளிப்பைப் போட்டுக் காட்டி "பாருங்க சார், நல்லா இருக்கு" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சுமை ஏற்றி அளப்பது

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஆனால் நடுவில் அணைகிறது என்றால் உண்மையான தீர்ப்பு இங்கேதான் கிடைக்கும். முதலில் சூட்டை விலக்குங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு இலவச மென்பொருளில் பிராசசர் சூடு 100 டிகிரியைத் தொடுகிறதென்றால் பெரும்பாலும் பிராசசர் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கும் அதற்கடியில் பூசும் பேஸ்டும்தான் பிரச்சினை. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் என்று முடிவு செய்யாதீர்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸாலும் வரும், சூட்டாலும் வரும், கரண்ட் போனாலும் வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொங்கும் கேபிள்களில் பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று சும்மா கிடக்கும். புதியவர்களுக்கு அளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. துளைகள் பெரியவை, முனை நழுவாது. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. மீட்டரை மஞ்சளில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓசிசிடி மென்பொருளில் பவர் சோதனையை ஓடவிடுங்கள். அது பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒன்றாக வேலை வாங்கும். எண்ணைக் கவனியுங்கள்.

12 வோல்ட் 11.40-க்கும் 12.60-க்கும் இடையில் இருக்க வேண்டும். 5 வோல்ட் 4.75-லிருந்து 5.25 வரை. 3.3 வோல்ட்டை 24 பின்னின் ஆரஞ்சு வயரில் பார்க்கலாம், 3.14-லிருந்து 3.46 வரை. 12.1-ல் இருந்து 11.9-க்கு இறங்கினால் கவலையில்லை. 12-ல் தொடங்கி 11.3-க்கு வழுக்கிக்கொண்டே போய் கம்ப்யூட்டர் அணைந்தால் வேறு சாட்சி தேவையில்லை. மென்பொருளும் பயாஸும் காட்டும் வோல்டேஜை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். போர்டில் இருக்கும் சென்சர் தப்பாகக் காட்டுவது சாதாரணம்.

மீட்டருக்கும் ஒரு குறை உண்டு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் வோல்டேஜ் சரிந்து எழுந்தால் அதற்குத் தெரியாது. டிசியின் மேல் ஏறியிருக்கும் அலையும் தெரியாது. 12 வோல்ட்டில் அந்த அலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது ஏடிஎக்ஸ் விதி, அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் சுமையில் மட்டும் அணைகிறதென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை விடுவித்துவிட வேண்டாம். நல்ல நிலையில் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்றை நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

எழுந்து உடனே விழுந்தால்

ஆன் ஆன உடனே அணைவது பெரும்பாலும் பாதுகாப்புச் சுற்றின் வேலை. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் அந்தப் பூட்டு விடுபடாமல் உங்களைக் குழப்பும். பிறகு ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி சாதனங்கள், கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஆன் செய்து பாருங்கள். எதைக் கழற்றியதும் எழுகிறதோ அதில் ஷார்ட். எல்லாம் கழற்றியும் விழுகிறதென்றால் பிராசசருக்கான 8 பின்னை மட்டும் கழற்றிப் பாருங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால், போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச் போன்ற பாகம்) ஷார்ட் ஆகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது போர்டு சர்வீஸ் செய்பவரிடம் போக வேண்டிய வேலை.

மாற்றுவதென்று ஆனால்

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 450 வாட் என்று விற்பதில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்தான் எழுதியிருந்தால், 12 பெருக்கல் 18, உங்கள் பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது 216 வாட். கேபினட்டோடு இலவசமாக வருபவை பலவும் இந்த ரகம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், உழைக்குமா என்பதைச் சொல்லாது. வாரண்டி 5 வருடத்துக்குக் குறையாததாகப் பாருங்கள்.

புதியது மாடுலர் வகை, அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது என்றால் அதனோடு வந்த கேபிள்களையே மாட்டுங்கள். பழைய கேபிள் அச்சு அசலாகப் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்தால் அதிலிருக்கும் போட்டோக்களும் போய்விடும். மாட்டி முடித்ததும் மோலெக்ஸில் ஒருமுறை, சும்மா இருக்கும்போதும் சுமையிலும், 12 வோல்ட்டை அளந்து தேதியோடு ஒரு சீட்டில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எண் கையிலேயே இருக்கும்.